நாலு ஏக்கருக்கு ஹே ரேக்: சக்கரமா, ரோட்டரியா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நன்செய், ஒரு ஏக்கர் மேட்டு நிலம். எட்டு மாடுகள், 24 எச்பி மினி டிராக்டர். சம்பா அறுவடை மிஷினில்தான். பனியில் நனைந்த வைக்கோலைப் புரட்டி, பேலருக்கு (வைக்கோலை அள்ளிக் கட்டாகக் கட்டும் இயந்திரம்) வரிசை கட்ட ஆள் கிடைப்பதில்லை. டிராக்டரில் மாட்டி வைக்கோல் வாரும் ஹே ரேக் வாங்கலாம் என்று இருக்கிறேன். அதில் சக்கர மாடல், ரோட்டரி மாடல் என்று இரண்டு இருக்கிறது. கடைக்காரர் ரோட்டரி வாங்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஒரு கேள்வி. சம்பாவுக்குப் பின் உளுந்து தெளிக்கிறீர்களா? ஆம் என்றால் அந்த வயலில் எந்த ரேக்கையும் இறக்காதீர்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பு தெளித்த விதை, மிஷின் போகும்போது முளைவிட்டிருக்கும். சக்கர ரேக்கின் பல் தரையைத் தொட்டுத்தான் சுற்றும்; வைக்கோலோடு இரண்டு இலை விட்ட முளையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ரோட்டரியின் பல்லை உயர்த்தி வைக்கலாம்தான், ஆனால் டிராக்டர் டயர் மிதிப்பதை என்ன செய்ய? அந்த வயலில் வைக்கோலை இரண்டு மூன்று நாளைக்குள் ஆள் விட்டாவது எடுத்துவிட வேண்டும். மேலும் கிடந்தால் அடியில் இருக்கும் முளை வெளுத்து, நீண்டு, சாய்ந்துவிடும்.

உளுந்து போடாத வயல் என்றால் சொல்கிறேன். உங்களுக்குச் சக்கர ரேக் போதும். நான்கு சக்கரம் உள்ளது, மூன்று புள்ளி இணைப்பில் (டிராக்டருக்குப் பின்னால் கருவியைத் தூக்கும் கைகள்) மாட்டுவது. ரோட்டரி போல இதற்குப் பிடிஓ (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு) வேண்டாம், கியர்பாக்ஸ் கிடையாது. டிராக்டர் இழுக்க, தரையில் உரசிச் சக்கரங்கள் தானாகச் சுற்றும். பழுது என்று வந்தால் பல் உடையும், பேரிங் போகும், அவ்வளவுதான். ரோட்டரி வைக்கோலை மண் படாமல் அள்ளிப் பஞ்சு போல் வரிசை போடும், அதில் கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் சின்ன ரோட்டரியே சுமார் 300 கிலோ வரும். அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் மினி டிராக்டர் வரப்பு ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடி கொடுக்காது. முன்னால் எடைக்கல் மாட்ட வேண்டியிருக்கும். இத்தனை செலவும் சிரமமும் நாலு ஏக்கருக்குத் தேவையா என்று பாருங்கள்.

சக்கர ரேக்கைக் குறை சொல்பவர்கள் 'மண்ணையும் சேர்த்து வாரிவிடுகிறது' என்பார்கள். பெரும்பாலும் உயரம் சரியாக வைக்காததுதான் காரணம். ஸ்பிரிங்கை இறுக்கி, சக்கரத்தின் பாரம் பெரும்பகுதியும் அதில் தொங்கும்படி வையுங்கள். பல் நுனி தாளையும் (அறுத்தபின் நிற்கும் அடித்தண்டு) தரையையும் வருடினால் போதும். இருபது அடி ஓட்டி இறங்கி, வரிசையைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். மண்கட்டி ஒட்டியிருந்தால் இன்னும் தூக்குங்கள். பின்னால் கொஞ்சம் வைக்கோல் விடுபட்டால் விடுபடட்டும். மண்ணோடு கட்டிய வைக்கோல் கட்டை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். வரிசையின் அகலம் பேலரின் பிக்கப் (வைக்கோலை அள்ளும் வாய்) அகலத்தைத் தாண்டக் கூடாது. அதற்குத் தக்கபடி சக்கரச் சட்டத்தின் கோணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, காசும் கிடையாது. அறுவடை வண்டிக்காரரிடம் ஒரு சாண் தாள் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வைக்கோல் தாளின் மேல் கிடந்தால் அடியில் காற்று ஓடும், பனி பெய்தாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வண்டி பின்னால் விடுவதே ஒரு வரிசைதான். மழையோ கடும்பனியோ இல்லாவிட்டால் பேலர் அப்படியே அதன் மேல் ஓடிவிடும், ரேக்குக்கு வேலையே இல்லை. ஒட்ட அறுத்தால் வைக்கோல் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறோம், அப்புறம் அது மண்ணில் ஒட்டிக் கறுக்கிறது.

நனைந்திருந்தால் பனி விட்டபின் ஒரு தடவை புரட்டிவிட்டு, மறுநாள் கட்டுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து முறுக்குங்கள். படபடவென்று ஒடிந்தால் கட்டலாம், துவண்டால் பொறுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் நறுக்கிய வைக்கோலையும் ஒரு ஸ்பூன் தூள் உப்பையும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கட்டி தட்டினால் ஈரம் இருக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும்.

மேட்டு நிலத்தில் கடலை போட்டால், கொடியை ரேக்கால் வாருவது வேறு கணக்கு. சத்தெல்லாம் இலையில்தான். உச்சி வெயிலில் வாரினால் இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். காலையில் பனிப்பதம் இருக்கும்போதே மெதுவாக வாருங்கள்.

மாடு வைத்திருப்பதால் இன்னொன்று. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், பல் சீக்கிரம் தேயும், உடையும். உடைந்த கம்பித் துண்டு கட்டுக்குள் போனால் மாடு தீனியோடு விழுங்கிவிடும்; அது இரண்டாம் இரைப்பையைக் குத்தி இதயம் வரை போவதுண்டு. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பற்களை எண்ணிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. நான்கு சக்கர ரேக் சுமார் 2.4 மீட்டர் அகலம் வாரும். ஆறு கிலோமீட்டர் வேகத்தில், வரப்பில் திரும்பும் நேரம் போக, மணிக்கு இரண்டு ஏக்கர் ஆகும். உங்கள் நாலு ஏக்கர் இரண்டு மணி நேர வேலை. குறுவை வைக்கோல் மழையில் நனைந்து கிடக்கும்போது வயலில் டிராக்டரே இறங்காது. ஆக வருஷத்தில் ஓரிரு நாள் ஓடி, மிச்ச நாள் கொட்டகையில் துருப்பிடிக்கும். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்குங்கள். அல்லது இந்த சம்பாவுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனியாகத்தான் வாங்குவது என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இந்த ஆண்டு மானியப் பட்டியலில் ஹே ரேக் இருக்கிறதா, எந்த மாடல் என்று கேளுங்கள். இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. நாலு ஏக்கர்தான் உங்கள் மொத்த நிலம் என்றால் சிறு விவசாயிச் சான்று கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். உழவன் செயலியில் பதிந்துவிட்டுக் காத்திருங்கள்; அனுமதி கைக்கு வருமுன் கடையில் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.