கப்பல் படிப்புக்காக வீட்டை அடகு வைக்க வேண்டாம்

பாம்பன் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் கூலிக்குப் போன விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. அவருக்கு அதன்பிறகு நிலையான வேலை இல்லை. இவர் பாசி எடுத்து வரும் காசில்தான் அடுப்பு எரிகிறது. பிளஸ் டூ முடித்த மகனை வீட்டை அடகு வைத்தாவது தனியாரிடம் 'கப்பல் படிப்பு'க்கு அனுப்பச் சொல்லிக் கொழுந்தனார் நெருக்குகிறாராம்.

அக்கா, ஆறுதல் சொல்லி நகர எனக்கு மனமில்லை. வீட்டில் கை வைக்காதீர்கள். அந்தப் படிப்பை முடித்தாலும், ஒரு கம்பெனி கப்பலில் ஏற்றிக்கொண்டால்தான் பிழைப்பு. அந்த இடத்துக்கும் தனியாகப் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக வட்டி கட்ட முடியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பையன் கரையில் இஞ்சின் பிரிக்கும் மெக்கானிக்கோடு கிடக்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

ஐடிஐ, பாலிடெக்னிக் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுகிறேன். சிஃப்நெட் என்று மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம் ஒன்று உண்டு. தலைமையிடம் கொச்சி, கிளைகள் விசாகப்பட்டினத்திலும் நம் சென்னை ராயபுரத்திலும். அங்கே 'மரைன் ஃபிட்டர்' என்ற 2 வருடப் படிப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும். வயது 20-க்குள், பட்டியலினத்தவருக்குத் தளர்வு உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். படகு டீசல் இஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதோடு வெல்டிங்கும் கற்றுத் தருவார்கள். நிறுவனத்தின் சொந்தக் கப்பலில் கடலுக்கும் கூட்டிப்போவார்கள். அப்புறம் கடல் அனுபவம் சேர்த்து, மீன்பிடிக் கப்பலின் இஞ்சின் டிரைவர் தேர்வு எழுதலாம். கரையிலேயே இருக்க நினைத்தால் படகுப் பட்டறை, ஐஸ் பிளாண்ட் என்று போகலாம்.

மாதாமாதம் உதவித்தொகை உண்டு, ஆனால் சிறுதொகைதான். இதில் எனக்குக் கோபமே உண்டு. விசைப்படகை விட்டு ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுகிறவர்களுக்காக அரசு 2017-இல் கொண்டுவந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் படகு விலை 80 லட்சம். மானியம் போகப் பயனாளி கைப்பங்கு 8 லட்சம், அதற்குமேல் வங்கிக் கடன். அது விசைப்படகு வைத்திருப்பவருக்கான திட்டம். உங்கள் கணவரைப் போன்ற கூலி மீனவர் அதில் எங்கே நுழைவது? தொழில் போனவருக்கு 3 மாதப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. பயிற்சி முடியும்வரை வீட்டில் உலை கொதிக்கிற அளவுக்குப் பணமும் சேர்த்துத் தர வேண்டும். அரசு அதைச் செய்யாதவரை, கடன் சேராத வழியைத்தான் நான் சொல்வேன்.

சரி, முதலில் பையனிடம் கேளுங்கள், சித்தப்பா பக்கத்தில் இல்லாதபோது. அவன் சரி என்றால் மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இந்த வாரமே பிரிக்கச் சொல்லுங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.