வழுவை எப்படிச் சொன்னால் காது கொடுப்பார்கள்? – கேள்வி பதில்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதை எழுதுகிறவர்களிடம் பேசுவது பற்றி வந்த கேள்விகள் இவை. லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் வழு (மென்பொருள் கோளாறு) அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் உதவுகிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: லிப்ரே ஆபிஸில் ஆவணம் எழுதும் ரைட்டரில் ஒரு கோப்பைத் திறந்தால் அட்டவணை கலைகிறது. வழுவைப் பதிந்தேன். "தகவல் தேவை" என்று குறித்துவிட்டு யாரும் எதுவும் செய்யவில்லை. தட்டிக்கழிக்கிறார்களா?

இல்லை, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் அறிக்கையை மூடிவிடுவார்கள். உங்கள் கணினியில் நடப்பது அவர்கள் கணினியிலும் நடந்தால்தான் காரணத்தைத் தேட முடியும். ஆகவே அந்தக் கோப்பையே இணையுங்கள். திரையைப் படம் பிடித்துப் போட்டால் கலைந்திருப்பது தெரியும், ஏன் என்று தெரியாது. ஆனால் இணைப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர், சம்பளம், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அப்புறமும் கலைகிறதா என்று பார்த்து இணையுங்கள். உதவி மெனுவில் உள்ள பதிப்பு விவரத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

பழைய பதிப்பில் சரியாக இருந்தது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு பதிப்புகளுக்கு இடைப்பட்ட நிலைகளெல்லாம் உடனே ஓட்டிப் பார்க்கும் வடிவில் சேமித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். அதில் சரி என்றால் கோளாறு பிந்திய பாதியில், இல்லையென்றால் முந்திய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்பதைப் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம். அந்த மாற்றத்தைச் செய்தவரிடமே நேராகக் கேட்கவும் முடியும்.

கேள்வி: படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் ஜேபெக் படத்தைத் திருத்திச் சேமித்தால் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கிறது. இத்தனை பேர் திட்டியும் ஏன் மாற்றவில்லை?

2012இல் வந்த 2.8 பதிப்பில் செய்த மாற்றம் அது. திருத்தும்போது படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகள் ஜேபெக்கில் நிற்காது. சேமித்துவிட்டோம் என்று நம்பி மூடுகிறவர் உழைப்பை இழப்பார். அதைத் தடுக்கவே சேமிப்பதையும், ஜேபெக் போன்ற வேறு வடிவில் எழுதும் ஏற்றுமதியையும் பிரித்தார்கள். காரணம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் படத்தின் ஓரத்தை மட்டும் வெட்டுகிறவருக்கு இது தொல்லைதான், அதையும் மறுக்க முடியாது. "பழையபடி ஆக்குங்கள்" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "தினமும் நாற்பது படம் வெட்டுகிறேன், மூடும்போதெல்லாம் எச்சரிக்கை வருகிறது" என்று உங்கள் வேலையைச் சொன்னால் நிரலாளருக்கு யோசிக்க ஏதோ கிடைக்கும். இப்போதைக்கு, கோப்பு மெனுவில் மூலப் படத்தின் மேலேயே எழுதும் வசதி இருக்கிறது, பாருங்கள்.

கேள்வி: "எப்போது சரியாகும்?" என்று அடிக்கடி கேட்டால் தப்பா?

கேட்காதீர்கள். எக்ஸ்இசட் கதையைச் சொல்கிறேன். பல லினக்ஸ் இயங்குதளங்களில் இருக்கும், கோப்புகளின் அளவைச் சுருக்கும் கருவி அது. அதைப் பல ஆண்டுகள் சம்பளமின்றிப் பராமரித்தவரை, ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று 2022இல் சில கணக்குகள் நச்சரித்தன. மனநலம் சரியில்லை என்று அவரே சொன்னார். அப்போது உதவ வந்தவருக்கு நிரலை மாற்றும் அனுமதிகள் கிடைத்தன. 2024இல் அந்த உதவியாளரின் வழியாகத்தான் பின்கதவு, அதாவது பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, கருவிக்குள் நுழைந்தது. நச்சரித்தவையும் போலிக் கணக்குகள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் தோண்டிய ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளரால் அது வெளியே வந்தது.

நினைவூட்ட விரும்பினால் புதிய பதிப்பில் சோதித்து, "இதிலும் இருக்கிறது" என்று எழுதுங்கள். அது நச்சரிப்பு ஆகாது, தகவல்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சரியாக வராது. எழுதலாமா?

தாராளமாக. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று மூன்று சின்ன வரிகள் போதும். பிழை பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பிழைச் செய்தி தமிழில் வந்தால் மொழிபெயர்க்காமல் அப்படியே ஒட்டுங்கள். எழுத்துரு சார்ந்த வழு என்றால் எழுத்துருவின் பெயரையும் கோளாறாகத் தெரியும் சொல்லையும் சேருங்கள்.