சான் ஹொசேயா, டிரேசியா: வாடகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்

வணக்கம். மாதம் 7,500 டாலர் வருமானத்தில், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுன்டியில் சான் ஹொசேயிலேயே சிறிய வீடு எடுப்பதா, வாடகை குறைவான சான் வாக்கீன் கவுன்டியின் டிரேசிக்குச் செல்வதா என்று கேட்டிருந்தீர்கள்.

மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் உட்பட வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டினால், அமெரிக்க வீட்டுவசதித் துறை அதைச் சுமையாகவே கணக்கிடுகிறது. உங்களுக்கு அந்த எல்லை 2,250 டாலர். ஆனால் அந்தக் கணக்கில் பயணச் செலவு சேராது. டிரேசியிலிருந்து ஆல்டமான்ட் கணவாயைக் கடந்து சான் ஹொசேயில் உள்ள அலுவலகத்துக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 50 மைல் செல்ல வேண்டும். இரு ஊர்களையும் இணைக்கும் ஏஸ் (ACE) எனும் பயணிகள் ரயிலோ வார நாட்களில் காலையில் சான் ஹொசே நோக்கியும் மாலையில் திரும்பியும்தான் ஓடுகிறது. வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்றால் டிரேசி நல்லது. ஐந்து நாளும் என்றால், குழந்தையோடு இருக்கும் நீங்கள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எங்கு எடுத்தாலும் கட்டடத்தின் வயதைக் கேளுங்கள். 2020 முதல் நடப்பில் உள்ள மாநிலச் சட்டம் ஆண்டு வாடகை உயர்வை அதிகபட்சம் 10 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது என்றாலும், 15 ஆண்டுகளுக்குள் கட்டப்பட்ட வீடுகளுக்கு அது பொருந்தாது.