சம்பளம் கூடினால் கையில் என்ன மிஞ்சும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: நாலு காசு கூடுதலாகச் சம்பாதித்தால் இருக்கிற சலுகை போய்விடுமா? சில இடங்களில் அந்தப் பயம் நியாயமானது. பல இடங்களில் கணக்குப் போட்டுப் பார்த்தால் கரைந்துவிடும். அதனால் தொகைகளோடு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 20,400 ரூபாய். அக்டோபர் 1 முதல் 22,000 தருவதாக முதலாளி சொல்கிறார். 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போய்விடும், உயர்வே வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார்கள் கூட இருப்பவர்கள். அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாத்திரையெல்லாம் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில்தான் வாங்குகிறோம். மனைவி, நாலு வயது மகள். என்ன செய்யட்டும்?

பதில்: உயர்வை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "அக்டோபரில் வேண்டாம், நவம்பரில் இருந்து கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

காரணம் இதுதான். இ.எஸ்.ஐ.யில் ஒரு வருடத்தை ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு சந்தா காலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு சந்தா காலம் தொடங்கும் நாளில் உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் போதும், நடுவில் கூடினாலும் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் உறுப்பினர்தான். அக்டோபர் 1-ஆம் தேதியே 22,000 ஆகிவிட்டால் அன்றோடு சந்தா நின்றுவிடும். நவம்பர் 1-ஆம் தேதி ஆனால் மார்ச் 31 வரை ஓடும்.

அடுத்தது பயன் காலம், அதாவது கட்டிய சந்தாவுக்கு மருத்துவம் கிடைக்கும் காலம். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன். அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கு அந்த ஜூலை முதல் டிசம்பர் வரை பயன். ஆக, அக்டோபரில் உயர்வு வாங்கினால் குடும்பத்துக்கு மருத்துவம் ஜூன் 30 வரை. நவம்பரில் வாங்கினால் டிசம்பர் 31 வரை. ஒரு மாதம் பொறுத்தால் ஆறு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது.

இதற்கு உங்களுக்கு ஆகும் செலவைப் பாருங்கள். அக்டோபர் மாத உயர்வு 1,600 போகும். அந்த மாதச் சந்தா 0.75 சதவீதம், அதாவது 153 ரூபாய். நவம்பரில் இருந்து மார்ச் வரை 22,000-க்கு மாதம் 165 வீதம் ஐந்து மாதத்துக்கு 825. மொத்தம் 2,578 ரூபாய். இந்தப் பணத்துக்கு நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆறு மாத மருத்துவம் வெளியே எங்கும் கிடைக்காது. முதலாளியும் தன் பங்காக 3.25 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும், அதை அவரிடம் மறைக்காமல் சொல்லியே கேளுங்கள். விதி அனுமதிப்பதைத்தான் கேட்கிறீர்கள். பயன் காலத் தேதிகளை உங்கள் காப்பீட்டு எண்ணைச் சொல்லி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். என் அக்கா வீட்டில் அப்படித்தான் ஆனது. அத்தானுக்கு இ.எஸ்.ஐ. நின்றபிறகு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளித் தள்ளிப் போட்டார்கள். ஒருவழியாகப் பாலிசி எடுத்த இரண்டாவது மாதம் அக்காவுக்குப் பித்தப்பைக் கல். அந்த வியாதிக்கு இரண்டு வருடக் காத்திருப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது. நகையை அடகு வைத்துத்தான் ஆபரேஷன் நடந்தது.

தனியார் மருத்துவக் காப்பீட்டில், விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. குறிப்பிட்ட சில வியாதிகளுக்குத் தனிக் காத்திருப்பு உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். உங்கள் அம்மாவின் சர்க்கரையும் பிரஷரும் இதில்தான் வரும். அதனால் இ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே பாலிசியை எடுத்துவிடுங்கள். இங்கே மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே காத்திருப்புக் காலம் கழிந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு இருப்பதை ஒன்றுவிடாமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள், மறைத்தால் பின்னால் பணம் தர மறுப்பார்கள். அம்மாவை உங்கள் குடும்பப் பாலிசியில் சேர்க்காமல் தனியாக எடுங்கள். மூத்தவரின் வயதை வைத்தே மொத்தக் குடும்பத்துக்கும் பிரீமியம் போடுவார்கள். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஏஜென்ட் பழைய கணக்கில் பேசினால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் 20,400-க்கு முதலாளி இப்போது மாதம் 663 ரூபாய் இ.எஸ்.ஐ. கட்டுகிறார். நீங்கள் வெளியே வந்ததும் அது அவருக்கு மிச்சம், வருடத்துக்கு 7,956 ரூபாய். உங்களைப் போல் 21,000 என்ற கோட்டைத் தாண்டியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, அந்தப் பணத்தில் எங்களுக்கு ஒரு குழுக் காப்பீடு எடுத்துத் தாருங்கள் என்று கேட்கலாம். குழுக் காப்பீட்டில் பழைய நோய்க்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செலவு கிடைக்கும்.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இந்த 21,000 என்ற கோடு 2017 ஜனவரியில் போட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்ப வருமானம் வருடம் 1,20,000-க்குள், அதாவது மாதம் 10,000-க்குள் இருக்க வேண்டும். 22,000 சம்பாதிக்கும் சூப்பர்வைசர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். அவரை வசதியானவர் என்று யார் சொல்ல முடியும்? கோட்டை உயர்த்தினால் மட்டும் போதாது. கொஞ்சம் கூடச் சம்பாதிப்பவர் கொஞ்சம் கூடச் சந்தா கட்டி உள்ளேயே இருக்க வழி வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆம்பூர். கணவர் கடையில் வேலை, மாதம் 14,000. அவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. எனக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 வருகிறது. ஷூ கம்பெனியில் 11,000 சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும், பையனைப் பார்த்துக்கொள்ள 3,000 ஆகும், பிடித்தம் வேறு. போவதில் பயன் உண்டா?

பதில்: போங்கள் அம்மா. உங்கள் பயத்தில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனையில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது முக்கியமானது. உங்கள் கணவருடையது 1,68,000. உங்களுடையதைச் சேர்த்தால் மூன்று லட்சம். ஆயிரம் ரூபாய் போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம்.

முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 1,320. இ.எஸ்.ஐ. 83. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சமே 1,250, மாதத்துக்கு 200 சொச்சம். கையில் 9,400 பக்கம் வரும். உரிமைத்தொகை ஆயிரம், பையனுக்கு மூவாயிரம் கழித்தால் 5,400. சாதாரண நகரப் பேருந்து போகும் வழியாக இருந்தால் பஸ் செலவு இல்லை.

"மாதம் முழுக்க உழைத்து 5,400தானா?" என்று தோன்றும். ஆனால் பி.எஃப். 1,320 உங்கள் பெயரிலேயே சேர்கிறது, கம்பெனியும் அதே அளவு போடுகிறது. அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த 83 ரூபாய். வருடம் 1,68,000 வருமானத்தில் உங்கள் வீட்டுக்கு முதலமைச்சர் காப்பீடு கிடையாது, கணவருக்கு இ.எஸ்.ஐ.யும் கிடையாது. நீங்கள் வேலையில் சேர்ந்தால் உங்கள் இ.எஸ்.ஐ.யில் கணவரும் பையனும் வருவார்கள். உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. சேரும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் இரண்டும் உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள். "மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சேர்ந்த நாளில் இருந்தே தர வேண்டியது அது.

கேள்வி: எங்களுக்கும் உரிமைத்தொகை வருகிறது. மைத்துனர் தன் பழைய காரை ஒன்றேகால் லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். கார் இருந்தால் தொகை நின்றுவிடுமாமே? ஆர்.சி.யை அவர் பெயரிலேயே விட்டுவிட்டு ஓட்டலாமா? (தேனி)

பதில்: வேண்டாம். சொந்தமாகக் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தொகை இல்லை என்பது விதி. அதைத் தாண்ட ஆர்.சி.யை மாற்றாமல் ஓட்டினால், நாளை ஒரு விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கு மைத்துனர் தலையில் விழும். வண்டிக்கு ஆன சேதத்துக்கு நீங்கள் காப்பீடு கேட்டாலும், பாலிசி உங்கள் பெயரில் இல்லை என்பார்கள். வருடம் 12,000-த்துக்காக உறவையும் சேர்த்துப் பணயம் வைக்காதீர்கள்.

அந்த 12,000-ஐக் காரின் செலவாகவே எழுதிப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு சின்னக் காருக்கு 2,094, ஆயிரம் சி.சி.க்கு மேல் 1,500 வரை 3,416, இவற்றுக்கு மேல் வரி. டயர், சர்வீஸ், பெட்ரோல். பதினைந்து வருடத்தை நெருங்கிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவு. இவ்வளவையும் கூட்டிய பிறகும் வாரத்தில் நாலு நாள் தேவைப்படுகிறது என்றால் வாங்குங்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்றால் வாடகைக் கார் மலிவு.

கேள்வி: ஓசூரில் வேலை. வருடச் சம்பளம் 12,75,000, புதிய வருமான வரி முறையில் வரி இல்லை. இந்த வருடம் 10,000 கூட்டுகிறார்கள். அதனால் அறுபதாயிரம் வரி வந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.

பதில்: அறுபதாயிரம் வராது. ஆனால் அந்தப் பத்தாயிரம் உங்களுக்கும் வராது.

2025-26 கணக்கில், சம்பளக்காரருக்குத் தானாகவே கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போக 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. நீங்கள் 12,85,000 வாங்கினால் வரிக்குரிய வருமானம் 12,10,000. அட்டவணைப்படி வரி 61,500. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது என்று ஒரு சலுகை உண்டு. எனவே வரி 10,000, அதன்மேல் நாலு சதவீத செஸ் 400. பத்தாயிரம் வாங்கி 10,400 கட்டுவீர்கள். சம்பளம் சுமார் 13,46,000 ஆகும்வரை இதே கதைதான், உயர்வு முழுவதும் வரிக்கே போகும். ஆகவே உயர்வைச் சம்பளமாகத் தராமல், கம்பெனி தரப்பு என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்களிப்பாகப் போடச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் அதற்குக் கழிவு உண்டு. பணம் ஓய்வுக்காலம் வரை பூட்டிக் கிடக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் அரிசி 26 கிலோ சிப்பமாக வருகிறது. ஏன் இந்தக் கணக்கு? நாங்கள் கூலி வேலைக்காரர்கள், வரி கட்டுபவர்கள் இல்லையே!

பதில்: முதலில் அந்தக் கடைசி வரியைத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வருமான வரி கட்டுவதில்லை, அவ்வளவுதான். சோப்பு வாங்கும்போதும் பிஸ்கெட் வாங்கும்போதும் பெரிய சம்பளக்காரர் கட்டும் அதே விகிதத்தில் ஜி.எஸ்.டி. கட்டுகிறீர்கள். சம்பாதிப்பது மொத்தமும் செலவாகிவிடுகிற வீட்டில் அதன் பாரம் கூடுதல். யாராவது "இலவசம் வாங்குகிறவர்கள்" என்று உங்களைச் சொன்னால் தலைகுனிய வேண்டியதில்லை.

26 கிலோ விஷயம்: 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. அதற்கு மேல் போனால் இல்லை. அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டுகிறார்கள். கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோ பைக்கு வரி மட்டும் 75 ரூபாய். 26 கிலோ பையில் அது உங்களுக்கு மிச்சமாக வேண்டும். ஆகிறதா என்று பார்க்க பை விலையை 26-ஆல் வகுத்துப் பாருங்கள். மூட்டையில் இருந்து சில்லறையாக அளந்து தருவதற்கும் வரி இல்லை. மொத்தமாக வாங்கப் பணம் இல்லாதவர்கள் அப்படி வாங்கலாம், தராசை மட்டும் கவனியுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கெட் எல்லாம் 18-இல் இருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. வெண்ணெய், நெய் 12-இல் இருந்து 5. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பருக்கு வரியே இல்லை. பள்ளி திறக்கும்போது நோட்டுக்கு ஜி.எஸ்.டி. என்று தனியாகப் போட்டால் கேளுங்கள். கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், கடை பெயரும் தேதியும் கேட்பார்கள்.