பால், முட்டை விட்டாச்சு, டயர்டா இருக்கே?

கேள்வி: வீகனா (கறி, பால், முட்டைன்னு விலங்குல இருந்து வர எதுவும் சாப்பிடாம) மாறினதுல இருந்து எப்பவும் டயர்டாவே இருக்கு, டோஃபுவும் (சோயா பனீர்) சப்புனு இருக்கு. என்ன பண்றது?

பதில்: முதல்ல டாக்டர்கிட்ட போய் வைட்டமின் பி12, இரும்புச்சத்து ரெண்டுக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க, ஏன்னா செடி கொடில இருந்து பி12 நம்பகமா கிடைக்காது, மாத்திரையோ பி12 சேர்த்த சோயா பாலோ கட்டாயம் வேணும், இதுல மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பருப்பு, கடலை சாப்பிடுறப்ப எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, வைட்டமின் சி இருந்தா இரும்பு உடம்புல நல்லா சேரும், ஆனா சாப்பிட்ட கையோட டீ, காபி குடிச்சா அது தடுத்துடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க.

டோஃபுவ துணில சுத்தி மேல கனமா எதாவது வச்சு 20 நிமிஷம் தண்ணிய வடிய விடுங்க, அப்புறம் உப்பு, மசாலா, கார்ன்ஃப்ளார் பிரட்டி வறுத்தா மொறுமொறுன்னு வரும். கெட்டி டோஃபுவா பாத்து வாங்குங்க, மிருதுவானது உடைஞ்சிடும்.