சிப்பாங்கில் பார்வையாளராகப் போய் நல்ல பந்தயப் படம் எடுக்க முடியுமா?

கேள்வி: "கோலாலம்பூரில் இருக்கிறேன். சிப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோஜிபி பைக் பந்தயம் பார்க்கப் போகிறேன். பத்திரிகையாளர் பாஸ் இல்லை, 70-300 லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. உருப்படியாகப் படம் எடுக்க முடியுமா?"

தாராளமாக முடியும். தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் அந்த லென்ஸே போதும். ஆனால் முதன்முதலாகக் கை பழகும் இடம் மோட்டோஜிபியாக இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

மோட்டோஜிபியின் முதன்மைப் பந்தயம் இங்கே ஏறக்குறைய 20 சுற்று. உங்களுக்குப் பிடித்த ரைடர் உங்கள் முன்னால் 20 முறைதான் வருவார். அதிலும் பல தடவை முன்வரிசைக்காரர் எழுந்து நின்றுவிடுவார். அதே தடத்தில் சிப்பாங் 1000 கிலோமீட்டர் என்ற நெடுந்தூரக் கார் பந்தயமும் நடக்கும். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர் என்பதால், முழுத் தூரம் ஓடும் கார் 180 தடவைக்கு மேல் உங்களைக் கடக்கும். கூட்டமும் அவ்வளவு இருக்காது. அங்கே பழகிவிட்டு மோட்டோஜிபிக்கு வாருங்கள். அதற்கு வழியில்லையென்றால் வெள்ளி, சனி பயிற்சி ஓட்டங்களில் படம் எடுங்கள். ஞாயிறு பந்தயத்தைக் கண்ணால் பாருங்கள்.

பழக வேண்டியது ஷட்டர் வேகத்தைக் குறைப்பது, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தைக் கூட்டுவது. வேகமான வண்டிக்கு வேகமான ஷட்டர் என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். ஆனால் பக்கவாட்டில் போகும் பைக்கை 1/2000 நொடியில் எடுத்தால் சக்கரம் அப்படியே உறைந்துவிடும். மாமாக் கடை வாசலில் நிறுத்திவைத்த வண்டி மாதிரி இருக்கும். 1/250-இல் தொடங்குங்கள். வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்புங்கள். கை படிந்ததும் 1/125, அப்புறம் 1/60 என்று இறங்குங்கள். படம் எடுக்கப்போகும் இடத்தைப் பார்த்துக் காலை ஊன்றி, இடுப்பை மட்டும் வண்டி வரும் திசைக்குத் திருப்பி, அங்கிருந்தே பின்தொடருங்கள். பட்டனை அழுத்திய பிறகும் நிறுத்தாதீர்கள். நிறைய படங்கள் கலங்கித்தான் வரும். பத்தில் ஒன்று தேறினாலே நல்ல கணக்கு.

நம் ஊர் வெயிலில் இதற்கு ஒரு தடை உண்டு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100-இல் லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சிறிதாக்கினாலே ஷட்டர் 1/100 பக்கம் வந்து நிற்கும். 1/60-க்குப் போக எஃப் 22 வரை மூட வேண்டும். அப்போது சென்சாரில் உள்ள தூசியெல்லாம் புள்ளியாகத் தெரியும். லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டினால் வெளிச்சம் குறையும், இந்தத் தொல்லையும் குறையும்.

நேராக உங்களை நோக்கி வரும் வண்டிக்குக் கணக்கே வேறு. அங்கே 1/800, 1/1000 வைக்கலாம். சாய்வும் ரைடரின் முழங்கையும்தான் படம்; சக்கரச் சுழற்சியை யாரும் தேடமாட்டார்கள்.

இடம் என்று கேட்டால், கே1 என்ற பார்வையாளர் மேடைப் பக்கம் உள்ள முதல் இரண்டு வளைவுகள்தான் எனக்குப் பிடித்தவை. நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் வேகத்தை அடக்கி, வலப்பக்கம் படுத்த பைக்குகள் உடனே இடப்பக்கம் புரளும். முதல் சுற்றில் மொத்த பைக் கூட்டமும் அங்கே நெருங்கி வரும். கூரை வேண்டுமென்றால் முதன்மை மேடையில் 15ஆம் வளைவுப் பக்கம் உட்காருங்கள். இரண்டு நேர்த்தடங்களை இணைக்கும் கொண்டை ஊசி வளைவு அது. மேடையில் உயரமாக உட்காருவதும் நல்லதுதான், கம்பி வேலி குறுக்கே வராது. கீழே வேலிதான் கதி என்றால் லென்ஸை வலையோடு ஒட்டிவைத்து, அபெர்ச்சரை (லென்ஸ் துளையை) முழுதாகத் திறந்து, தூரத்தில் வரும் வண்டியைக் குறிவையுங்கள். கம்பி கரைந்துபோகும்.

நடுப்பகலில் தூரத்து வளைவுகளை விட்டுவிடுங்கள். தார்ச்சாலையிலிருந்து எழும் சூடு படத்தை நெளிய வைக்கும், எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலை ஓட்டங்களுக்கு முன்னதாகவே போய்விடுங்கள். போகும்போது கேமராப் பையைக் காரின் பின்பெட்டியில் வையுங்கள். ஏர்கானில் குளிர்ந்த லென்ஸ் வெளியே வந்ததும் பனிபடர்ந்துவிடும்.

பிற்பகல் மழையை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2009-இல் இங்கே நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயமே மழையால் பாதியில் நிறுத்தப்பட்டு, பாதிப் புள்ளிகளோடு முடிந்தது. மழையுறையும் இரண்டு துண்டும் எடுத்துப் போங்கள். ஓட்டம் நடக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள். ஈரத்தடத்தில் டயர் வாரியடிக்கும் தண்ணீர், வண்டியின் வேகத்தை எந்த ஷட்டரிலும் காட்டிவிடும்.