பேய்க்கு விவாகரத்து

கேள்வி: "கபாலா முறையில் மந்திரித்தது, பெத்லகேமில் ராகேல் கல்லறையைச் சுற்றிக் கொண்டுவந்தது" என்று சொல்லி இணையத்தில் சிவப்புக் கயிறு விற்கிறார்கள். திருஷ்டி படாமலிருக்க இடது கையில் கட்ட வேண்டுமாம். யூதர்களின் பழைய ரகசியம் என்கிறார்கள். வாங்கலாமா? ஒரே கடவுளைக் கும்பிடும் யூதர்களிடம் மந்திரம், தாயத்து எல்லாம் நிஜமாகவே இருந்ததா?
— வாசகி, திருப்பூர்

பதில்: காசும் உங்களுடையது, கையும் உங்களுடையது. அந்தப் 'பழைய ரகசியம்' மட்டும்தான் இடிக்கிறது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்ட தொசெஃப்தா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் 'எமோரியர் வழக்கங்கள்' என்று ஒரு பட்டியல் வருகிறது. அந்நியரின் மூடப் பழக்கம், நம்மவர் தொடக்கூடாது என்று ரபிகள் (யூத மதகுருமார்) தள்ளிவைத்தவை. விரலில் சிவப்பு நூல் கட்டுவதும் அதில் உண்டு. ரகசியமெல்லாம் இல்லை, வேண்டாம் என்று பகிரங்கமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ராகேல் கல்லறையில் நூல் சுற்றுகிற பெண்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பைபிளில் யாக்கோபின் மனைவியான ராகேல், மகன் பென்யமீனைப் பெற்ற கையோடு உயிரை விட்டவள். பிள்ளைத்தாய்ச்சிகள் அவளிடம் போய் நிற்பதில் ஒரு நியாயம் தெரிகிறது. அதில் கபாலாவை, அதாவது யூதர்களின் மறைஞான மரபை, கொண்டுவந்து ஒட்டியது வியாபாரம். கபாலாவின் பெரிய ஆசான்களில் ஒருவர், சஃபேத் நகரில் 1572-ல் இறந்த ஐசக் லூரியா. கபாலாவை மந்திர வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று சீடர்களைத் தடுத்தவர் அவர்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருந்தது, தாராளமாக இருந்தது. சூனியம் பார்ப்பவனையும் குறி சொல்பவனையும் யூத வேதத்தில் உபாகமம் 18-ஆம் அதிகாரம் வரிசையாகத் தடை செய்கிறது. அதை மனப்பாடமாக ஓதிய ஜனங்கள்தான் வாசற்படிக்குக் கீழே மந்திரக் கிண்ணம் புதைத்தார்கள்.

இன்றைய ஈராக்கில், 5 முதல் 8-ஆம் நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டவை அந்தக் கிண்ணங்கள். வீட்டில் சாப்பிடப் புழங்கும் சாதாரண மண் கிண்ணம். உட்புறத்தில் மையால், சுருள் சுருளாக, அரமேய மொழியில் எழுத்து. சிலவற்றின் நடுவில் சங்கிலியால் கட்டிய பேயின் படம், சிறுபிள்ளை கிறுக்கியது போல. எழுதியதும் வாசலிலோ அறை மூலையிலோ கவிழ்த்துப் புதைத்துவிடுவார்கள். பேய் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஈராக்கின் நிப்பூரில் தோண்டியெடுத்த கிண்ணங்களை ஜேம்ஸ் மாண்ட்கோமரி 1913-ல் படித்துப் பதிப்பித்தார். அதற்குப் பிறகு ஏராளமாகக் கிடைத்துவிட்டன. யாருக்காக எழுதியதோ அவருடைய பெயர் தாயின் பெயரோடு இருக்கும், தகப்பன் பெயரோடு அல்ல. பேய்க்கு ஆள்மாறாட்டம் ஆகிவிடக் கூடாதே! எழுதியவர் யூதர் என்றாலும், எழுதி வாங்கியவர்களில் பாரசீகத்து ஜரதுஷ்டிர மதத்தவரும் இருந்தார்கள் என்பது பெயர்களிலிருந்து தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தவை விவாகரத்துக் கிண்ணங்கள்தான். லிலித் என்ற பெண்பேய் வீட்டுக்குள் புகுந்து ஆம்பளையோடு படுக்கும், பிள்ளைகளைக் கொல்லும் என்று நம்பினார்கள். (பெண்களைப் பிடிக்க ஆண்பேய்களும் உண்டு.) அதை விரட்டப் பூசாரியையோ உடுக்கையையோ தேடவில்லை. யூதக் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் 'கெட்' என்ற தள்ளுதற்சீட்டை, அதே சட்ட வாசகத்தோடு லிலித்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 'யெஹோசுவா பர் பெராகியா உனக்கு அனுப்பிய சீட்டு இது, கடல் கடந்து வந்திருக்கிறது, வாங்கிக்கொண்டு வெளியே போ' என்கிற தோரணையில் போகும். (யெஹோசுவா பழங்கால ரபி ஒருவர்.) உடுக்கத் துணியில்லாமல், தலைவிரி கோலமாக அவள் துரத்தப்படுகிறாள். கடல் கடந்து எதற்கு வர வேண்டும்? மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டநூலில் விவாகரத்து பற்றிய பகுதி தொடங்குவதே, கடல் கடந்து சீட்டுக் கொண்டுவருகிறவன் என்ன சாட்சி சொல்ல வேண்டும் என்பதில்தான். பத்திரம் எழுதத் தெரிந்தவனின் கைவேலை இது. காட்டில் ஒளிந்து செய்த வேலை அல்ல.

தாயத்துக்கும் சட்டம் இருந்தது. ஓய்வுநாளில் எதையும் சுமந்துகொண்டு வெளியே போகக் கூடாது. ஆனால் கைதேர்ந்தவர் எழுதிய தாயத்தைக் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறது மிஷ்னா. கைதேர்ந்தவர் என்று எப்படித் தெரியும்? மூன்று தடவை குணமாக்கியிருக்க வேண்டும் என்று, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் அளவுகோல் வைக்கிறது. எல்லா அறிஞரும் இதற்கு இசைந்தவர்கள் அல்ல. 12-ஆம் நூற்றாண்டின் பெரிய யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் தாயத்து எழுதுகிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்ற ரீதியில் ஏசினார். அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய சமூகம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காது கொடுக்கவில்லை. பிரசவ அறைச் சுவரில் லிலித்தைத் தடுக்கும் காகிதம் நூற்றாண்டுக்கணக்கில் தொங்கியது, பிறகு அச்சடித்தும் வந்தது. அதில் சனோய், சன்சனோய், செமங்கெலோஃப் என்று மூன்று தேவதூதர்களின் பெயர்கள் இருக்கும்.

இந்த விஷயத்தில் நடந்த பெரிய சண்டையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஜெர்மனியின் ஹாம்பர்க், ஆல்டோனா, வாண்ட்ஸ்பெக் மூன்று ஊருக்கும் தலைமை ரபியாக வந்தவர் யோனத்தான் அய்பெஷுட்ஸ். பிரசவத்தில் பெண்கள் சாகாமலிருக்கத் தாயத்து எழுதிக் கொடுத்தவர். 1751-ல் ஆல்டோனாவில் யாக்கோப் எம்டென் என்ற அறிஞர் அவர்மீது பாய்ந்தார். தாயத்துகளைப் பிரித்து, மாற்றெழுத்தை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே சப்பத்தாய் செவி பெயர் இருக்கிறது என்றார். யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியா நானே என்று அறிவித்து, 1666-ல் இஸ்லாத்துக்கு மாறிய அதே செவிதான். ஐரோப்பாவின் ரபிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள், எம்டென் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓட வேண்டியதாயிற்று, அப்போது ஆல்டோனாவை ஆண்ட டென்மார்க் அரசர் வரை வழக்குப் போனது. தாயத்து பலிக்குமா என்பதற்கு அங்கே வழக்கே இல்லை. தாயத்துக்குள் யார் பெயர் என்பதுதான் வழக்கு. அய்பெஷுட்ஸ் 1764-ல் சாகும்வரை அதே பதவியில் இருந்தார்.